பி.ஒய். நம்பர் விட்டாரா பிரெஸ்ஸா டீசல் 2018: கடலூரில் வைத்து ஓட்ட வாங்கலாமா?

மஞ்சக்குப்பத்தான்:

வணக்கம். ஒரு மாருதி விட்டாரா பிரெஸ்ஸா இசட்.டி.ஐ. டீசல் பார்த்து வச்சிருக்கேன். 2018 பதிவு, மேனுவல் கியர், புதுச்சேரிப் பதிவான பி.ஒய்.01 நம்பர், மீட்டரில் 82,000 கி.மீ., இப்ப இருக்கிறது ரெண்டாவது ஓனர் கையில. 5.75 லட்சம் சொல்றாங்க. வண்டி நிக்கிற இடம் புதுச்சேரி முத்தியால்பேட்டை, கடலுக்கு ரொம்பக் கிட்ட. எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி. போக வர நாளைக்கு 50 கி.மீ.

கேட்க நினைக்கிறது இதுதான். மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க, மாடலும் மாறிடுச்சு. இந்தியாவுக்குன்னே பண்ண வண்டி, வெளிநாட்டுலயும் பாகம் தேட முடியாது. இன்னும் ஏழெட்டு வருஷம் சாமான் கிடைக்குமா? உப்புக்காத்துல நின்ன வண்டியில எங்கெங்க பார்க்கணும்? 2024 வெள்ளத்துல முங்கியிருக்குமோன்னு ஒரு பயம். கடைசியா, பி.ஒய். நம்பரை அப்படியே வச்சு ஓட்டலாமா, கடலூர் நம்பரான டி.என்.31க்கு மாத்தியே ஆகணுமா?

ஸ்பானர் 10-12:

சாமான் விஷயத்துல உங்க பயம் பாதி சரி, பாதி தப்பு. இன்ஜின் பக்கம் கவலையே வேண்டாம். வண்டிதான் நம்ம நாட்டுக்குன்னு பண்ணது. பானெட்டைத் திறந்தா உள்ள இருக்கிறது ஃபியட்காரன் வடிவமைச்ச 1248 சி.சி. மல்டிஜெட் டீசல் இன்ஜின். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, சியாஸ், எஸ்-கிராஸ் எல்லாத்துலயும் இதே இன்ஜின், டாடா விஸ்டாவிலும் இதே குடும்பம். ஃபில்டர், செயின், இன்ஜெக்டர், வாட்டர் பம்ப் எல்லாம் சின்ன ஊர்லயும் கிடைக்கும். வாங்கும்போது ஒண்ணு கவனிக்கணும்: இது 90 பி.எஸ். திறன், 200 நியூட்டன் மீட்டர் இழுவிசை வகை. டர்போவுக்குள்ள இறக்கை அசையும். ஸ்விஃப்ட்ல வந்த 75 பி.எஸ். இன்ஜின் டர்போ வேற. "ரெண்டும் ஒண்ணுதான் சார்"னு கடைக்காரர் சொன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுங்க.

மாட்டிக்கிறது பாடியிலதான். முன் பம்பர், கிரில், ஹெட்லைட், பக்கவாட்டுல ஓடுற கறுப்பு பிளாஸ்டிக் கிளாடிங், இதெல்லாம் வேற எந்த வண்டியோடதும் சேராது. 2020ல பெட்ரோல் வந்தப்பவே முன்பக்கம் மாறிடுச்சு, 2022ல வந்த பிரெஸ்ஸாவுக்கு பாடியே வேற. கதவு, கண்ணாடிக்கு 2020-22 பெட்ரோல் பிரெஸ்ஸாவும் டொயோட்டா அர்பன் குரூசரும் கைகொடுக்கும். ஹெட்லைட்டுக்கு கம்பெனி கவுன்டர், இல்லேன்னா சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடை. அதனால ஹெட்லைட் உள்ள ஈரம் கோத்திருக்கா, பின்னாடி அதை மாட்டுற காது உடைஞ்சு பசை போட்டு ஒட்டியிருக்கான்னு நல்லா பாருங்க. விலையில அதைக் கழிக்கணும்.

இப்ப இன்ஜின். வண்டி பார்க்கப் போறப்ப காலையில போங்க, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பானெட்டுல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா அன்னைக்குத் திரும்பி வந்துடுங்க. இந்த இன்ஜினுக்கு பெல்ட் இல்ல, டைமிங் செயின். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேலை செய்யுது. ஆயில் மாத்துறதைத் தள்ளிப் போட்ட வண்டியில செயின் நீண்டு போகும், டென்ஷனருக்குப் பிரஷர் ஏற நேரமாகும். குளிர்ந்த ஸ்டார்ட்ல ஒரு வினாடி 'கிளக்'னு கேட்டு அடங்கினா பரவாயில்ல. மூணு வினாடியைத் தாண்டி சங்கிலியை டப்பாவுல போட்டுக் குலுக்கின மாதிரி இரைச்சல் வந்தா செயின் கிட் மாத்தணும். அது சின்ன வேலை இல்ல: முன் கவர், ஆயில் சம்ப், ஒரு பக்க இன்ஜின் மவுன்ட் எல்லாம் இறங்கணும். கிட்டுன்னா செயின், ரெண்டு கைடு, டென்ஷனர், ஸ்பிராக்கெட், சீல் எல்லாம் சேர்த்து. செயினை மட்டும் மாத்துனா காசு மிச்சம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, தேஞ்ச பல் புதுச் செயினைத் தின்னுடும். கவனிக்காம விட்டு ஒரு பல் தாண்டினா பிஸ்டன் வால்வுல மோதும், ராக்கர் ஒடியும், ஹெட்டை இறக்கணும்.

அடுத்து இன்ஜெக்டர். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்க. மூடி மேல லேசா ஆடுறது சகஜம். புகை பீறிட்டு வந்து மூடியைத் தள்ளினா கம்ப்ரஷன் கசியுதுன்னு அர்த்தம், ரிங்கா வால்வான்னு சோதிக்கணும். இன்ஜெக்டர் அடியில செப்பு வாஷர் இருக்கும். அது வழியா கேஸ் கசிஞ்சா 'சுஃப் சுஃப்'னு சத்தம் வரும், இன்ஜெக்டரைச் சுத்தித் தார் மாதிரி கறுப்பா கட்டியிருக்கும். ஆரம்பத்துல பிடிச்சா வாஷர் போட்டு, உட்கார்ற இடத்தைச் சுத்தம் பண்ணா முடிஞ்சுது. வருஷக்கணக்கா விட்டிருந்தா இன்ஜெக்டர் கழண்டே வராது. சந்தேகமா இருந்தா ரிட்டர்ன் குழாய் நாலையும் கழட்டி நாலு சின்ன பாட்டில்ல விட்டு, சில நிமிஷம் ஐட்லிங்ல ஓட விடுங்க. நாலுலயும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் நிக்கணும். ஒண்ணுல மட்டும் ரெண்டு மடங்கு நின்னா அது தேஞ்ச இன்ஜெக்டர்.

ரோட்டுல ஓட்டும்போது: நாலாவது கியர், 1500ல இருந்து 3000 ஆர்.பி.எம். வரைக்கும் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. 2000க்குக் கீழ இந்த இன்ஜின் தூங்கும், அது குறை இல்ல, பிறவிக் குணம். அதுக்கு மேல இழுவை ஒரே சீரா வரணும். விட்டு விட்டு இழுத்தாலோ, திடீர்னு மூச்சு நின்ன மாதிரி ஆகி இன்ஜின் லைட் எரிஞ்சாலோ டர்போ இறக்கையில கரி பிடிச்சிருக்கும், இல்ல புகையில ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி விடுற ஈ.ஜி.ஆர். வால்வு அடைச்சிருக்கும். நேரு வீதி, அண்ணா சாலைன்னு ஊருக்குள்ளயே மூணாவது கியரைத் தாண்டாம ஓடுன வண்டியில இது ரெண்டும் வரும். ஈ.ஜி.ஆர். கழட்டிச் சுத்தம் பண்ணா சரியாகும். டர்போ அப்படி இல்ல, பெரிய செலவு. அதே ஓட்டத்துல வேகம் ஏறாம ஆர்.பி.எம். மட்டும் ஏறுனா கிளட்ச் முடிஞ்சுது. 82,000ல முதல் கிளட்ச் இன்னும் ஓடிக்கிட்டிருந்தா அதைக் கடைசிக் காலம்னு வச்சுக்கிட்டே விலை பேசுங்க.

மீட்டர் உண்மையான்னு பார்க்க சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. கம்பெனி சர்வீஸ்ல விட்டிருந்தா எந்த ஊர் டீலர்கிட்டயும் நம்பரைப் போட்டா வரும். 10,000 கி.மீ.க்கு ஒரு தரம் ஆயில் மாத்தியிருக்கணும். நடுவுல இருபத்தஞ்சாயிரம் இடைவெளி இருந்தா மேல சொன்ன செயின் சத்தத்தை ரெண்டாம் தரம் கேளுங்க.

படிவம் முப்பது:

ஆவண விஷயத்தை நான் சொல்கிறேன்.

பி.ஒய். நம்பரிலேயே வருடக்கணக்கில் கடலூரில் வைத்து ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்கியாக வேண்டும். எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது ஒரு விதிவிலக்கும் இல்லை; வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. "புதுச்சேரி முகவரி ஒன்று பிடித்துத் தருகிறேன், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று இடைத்தரகர் சொல்வார். அந்த முகவரியில் நீங்கள் இல்லை என்று தெரிந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள், அவர் இல்லை.

போகிற வழி இது. விற்பவர் புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் படிவம் 28 போட்டு தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும். இணையத்தில் பரிவாகன் தளத்தில் தொடங்கி, அச்செடுத்து, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு ஒட்டிக் கொடுப்பார்கள். பாக்கி வரி, பாக்கி அபராதம் எதுவும் இருக்கக் கூடாது. கடன் இருந்திருந்தால் படிவம் 35இல் வங்கி கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யில் ஹைப்பாதிகேஷன் (வண்டி மேல் கடன் என்ற பதிவு) நீங்கியிருக்க வேண்டும். "கடன் எப்பவோ கட்டியாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது, ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருக்கிறவரை வண்டி உங்களுக்கு முழுசாக வராது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. புது நம்பருக்குப் படிவம் 27. இவற்றோடு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், உங்கள் முகவரிச் சான்று.

இப்போது வலிக்கிற இடம்: ஆயுள் வரி. புதுச்சேரியில் வரி குறைவு, அதனால்தான் இத்தனை பி.ஒய். வண்டிகள். தமிழ்நாட்டுக்குள் வரும்போது வண்டியின் முதல் விலையையும் வயதையும் வைத்து இங்கே தனியாக ஆயுள் வரி கட்ட வேண்டும். வயது ஏற ஏறத் தொகை இறங்கும். கணக்குப் போட அசல் இன்வாய்ஸ் கேட்பார்கள். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை: முதல் இன்வாய்ஸின் நகலை வாங்குங்கள், அதை எடுத்துக்கொண்டு கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரி எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையை 5.75 லட்சத்தோடு கூட்டினால் வருவதுதான் உங்களுக்கு இந்த வண்டியின் விலை. அதே வருட டி.என். வண்டி அதற்குக் குறைவாகக் கிடைத்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

இன்சூரன்ஸ்: பெயர் மாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) வண்டியோடு வராது, அது பழைய ஓனருடைய சொத்து. அந்தத் தள்ளுபடி வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 'போனஸ் 45 சதவீதம் இருக்கு சார்' என்று சொல்லி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

டீசலுக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்பது டெல்லி வட்டாரத்துக்கான பேச்சு. இங்கே சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம், உங்களுக்கு 2033 வரை ஓடும்.

உப்புக்காத்து:

வண்டியை லிஃப்ட்ல ஏத்திப் பார்க்காம வாங்காதீங்க. பெயின்ட் பளபளன்னு இருக்கும், அடிவயிறு அப்பளமாட்டம் உடையும்.

பிரெஸ்ஸாவுல துரு ஒளிஞ்சிருக்கிற இடம் அந்தக் கறுப்பு கிளாடிங்தான். சக்கர வளைவுல பிளாஸ்டிக்குக்கும் தகட்டுக்கும் நடுவுல ஈர மணல் போய் உட்கார்ந்துக்கும். கடற்கரை மணல்னா உப்போட உட்காரும், வெயில் அடிச்சாலும் காயாது. பின்சக்கர வளைவு ஓரத்துல கிளாடிங்கை ரெண்டு கிளிப் மட்டும் கழட்டிப் பார்க்க அனுமதி கேளுங்க. மேலாக்கத் துருன்னா தேய்ச்சு, பிரைமர் அடிச்சுக் காப்பாத்தலாம். தகடு கொப்பளிச்சு, ஸ்க்ரூடிரைவர் முனையால தட்டினா 'டொக்'னு செத்த சத்தம் வந்தா உள்ளிருந்து போயிட்டிருக்கு.

மத்த இடங்கள்: கதவுகளோட அடி மடிப்பு (தண்ணி வடியுற ஓட்டை அடைச்சிருக்கான்னும் பாருங்க), டிக்கி கதவுல நம்பர் பிளேட் மேல இருக்கிற பட்டைக்குப் பின்னாடி, சைலன்சர் ஃபிளாஞ்ச் போல்ட், பிரேக் பைப்பைப் பிடிக்கிற கிளிப், பேட்டரி எர்த் வயர் பாடியில சேர்ற இடம். எர்த் துருப்பிடிச்சா ஸ்டார்ட்டர் சோம்பும், சம்பந்தமே இல்லாத விளக்கெல்லாம் டேஷ்போர்டுல எரியும். ஆளுங்க பேட்டரியை மாத்திக்கிட்டே இருப்பாங்க.

ஏ.சி. கண்டென்சரை மறக்காதீங்க. கிரில் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. அலுமினியத் தகடு வெள்ளை பூத்து, விரல் பட்டதும் மாவா உதிர்ந்தா இன்னும் ஒரு கோடை தாங்காது. கேஸ் போட்டுக் கொடுத்து விப்பாங்க, மூணு மாசத்துல சூடு காத்துதான் வரும்.

முழு அடிப்பகுதிக்கும் புதுசாக் கறுப்புக் கோட்டிங் அடிச்சிருந்தா எனக்கு அது நல்ல சகுனம் இல்ல. துரு மேல அடிச்ச கோட்டிங் ஈரத்தை உள்ள பூட்டி வைக்கும். கழிவு ஆயில் அடிக்கிற பழக்கமும் நம்ம பக்கம் உண்டு. சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறி உப்பிடும்.

வெள்ளம்: ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரை கடந்தப்ப புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் நின்ன வண்டி எத்தனையோ. ரெண்டு மூணு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி பெண்ணையாத்துல வந்து நம்ம கடலூர் நாணமேடு, கண்டக்காடு பக்கமும் முங்குச்சு. அந்த வண்டிகள்ல பல இப்ப சந்தையில இருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. அடிப்பகுதியில மண் கறைக் கோடு இருந்தா மேற்கொண்டு பேச வேண்டாம். சீட்டை முன்னால தள்ளி ரெயில் போல்ட்டுல துரு, கார்பெட் அடியில நுரைப்பஞ்சுல ஈர வாடை, ஸ்டெப்னி குழியில வண்டல். டிரைவர் முட்டிக்கு மேல ஃபியூஸ் பாக்ஸ் இருக்கும், கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக், ஏ.பி.எஸ். விளக்கு எரிஞ்சு சில வினாடியில அணையணும். எரியவே இல்லேன்னா அதுதான் ஆபத்து, விளக்கைச் செத்த மாதிரி பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் விற்கிறவர்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க.

பாகூர் ரோடு:

எல்லாரும் டீசலுக்கே வக்காலத்து வாங்குறீங்க. நான் கொஞ்சம் எதிர்க்கட்சி.

இந்த வண்டி ஏன் இந்த அளவுல இருக்குன்னு யோசிங்க. நீளம் 3,995 மி.மீ. நாலு மீட்டருக்கு அஞ்சு மில்லிமீட்டர் கம்மி. 2006 பட்ஜெட்ல நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சி.சி., டீசல்னா 1500 சி.சி.க்குள்ள இருந்தா சின்ன கார், வரி கம்மின்னு வச்சாங்க. உலகத்துல வேற எங்கேயும் இந்தக் கோடு இல்ல. பிரெஸ்ஸா அந்தக் கோட்டுக்காகத் தச்ச சட்டை. 1248 டீசல் அதுல கச்சிதமா உட்கார்ந்துச்சு. 2020 பிப்ரவரியில வந்த பெட்ரோல் 1462 சி.சி.; நீளம் அதேதான், இன்ஜினால வரிக் கோட்டைத் தாண்டிடுச்சு. 2025 செப்டம்பர் 22ல ஜி.எஸ்.டி. மாறுனப்பவும் சின்ன காருக்கு 18 சதவீதம், பெட்ரோல் பிரெஸ்ஸாவுக்கு 40. அப்ப புதுசு விலையும் கொஞ்சம் இறங்குச்சு, அதை நினைவுல வச்சுப் பேரம் பேசுங்க.

இப்ப கணக்கு. நாளைக்கு 50, வருஷத்துக்கு 300 நாள், மொத்தம் 15,000 கி.மீ. டீசல் லிட்டருக்கு 18 ஓடும்னு வைங்க, காகிதத்துல போட்டிருக்கிற 24.3 எல்லாம் காகிதத்துக்குத்தான். 833 லிட்டர். கணக்குக்கு லிட்டர் 90 ரூபாய்னா 75,000. அதே பிரெஸ்ஸா பெட்ரோல் 14 கொடுத்தா 1,071 லிட்டர், லிட்டர் 100னு வச்சா 1,07,000. வருஷத்துக்கு 32,000 மிச்சம். நல்லாத்தான் இருக்கு. ஆனா கிளட்ச், ஒரு இன்ஜெக்டர், டர்போ, இதுல எது ரெண்டு சேர்ந்து வந்தாலும் ரெண்டு வருஷ மிச்சம் போயிடும். வருஷம் 15,000க்குக் கீழ ஓடுறவங்க டீசல் பக்கமே போக வேண்டாம். நீங்க சரியா எல்லைக்கோட்டுல நிக்கிறீங்க, வண்டி சுத்தமா இருந்தா மட்டும் வாங்குங்க.

டீசலை எல்லையில புதுச்சேரிப் பக்கம் இருக்கிற முள்ளோடை பங்க்லயே போடுங்க, புதுச்சேரியில லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. முள்ளோடைக்கு கடலூர்க்காரங்க சரக்கு வாங்கப் போறாங்கன்னு ஊருக்கே தெரியும்; டீசலுக்கும் போறாங்கன்னு இனிமே சொல்லிக்கலாம்.

இன்னொண்ணு. 2018 குளோபல் என்.கேப். மோதல் சோதனையில இந்த வண்டி பெரியவங்க பாதுகாப்புக்கு 4 ஸ்டார் வாங்குச்சு, ரெண்டு ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு. பார்க்கிற வண்டியில பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் உண்டான்னு டேஷ்போர்டுல எழுத்தைப் பாருங்க. பழைய கீழ் மாடல்கள்ல அது விருப்பத் தேர்வா இருந்துச்சு.

மஞ்சக்குப்பத்தான்:

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குக் காலையில போய்ப் பார்த்தேன். குளிர் ஸ்டார்ட்ல சுமார் ரெண்டு வினாடி சத்தம், அப்புறம் அமைதி. சீட் பெல்ட் சுத்தம், கார்பெட் காய்ஞ்சிருக்கு. சர்வீஸ் ஹிஸ்டரியில 46,000க்கு அப்புறம் நேரா 64,000. இடது பின்சக்கர கிளாடிங்ல கிளிப் ரெண்டு இல்ல, உள்ள செம்மண் நிறத்துல துரு, தகடு கெட்டியாத்தான் இருக்கு. டயர்ல 3118னு இருக்கு. ஹேண்ட்பிரேக்கை எடுத்துட்டு முதல் கியர்ல கிளம்பினப்ப பின்னாடி 'டக்'னு ஒரு சத்தம் வந்துதான் நகர்ந்தது. இது என்ன?

ஸ்பானர் 10-12:

அந்த 'டக்' பயப்படற விஷயம் இல்ல தம்பி. பின்னாடி டிரம் பிரேக். உப்பு ஈரத்துல ஹேண்ட்பிரேக் போட்டு நாலு நாள் நின்னா லைனிங் டிரம்மோட ஒட்டிக்கும். டிரம்மைக் கழட்டி, துருவைத் தேய்ச்சு, லைனிங் கனத்தையும் வீல் சிலிண்டர் கசிவையும் பார்க்கச் சொல்லுங்க. ஓரம் பிய்ஞ்சு வந்திருந்தா செட்டாப் போடணும். இனிமே வீட்டுல சமதளத்துல நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் வேண்டாம், முதல் கியர்ல விட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வைங்க.

3118னா 2018ல 31வது வாரம். வண்டியோடவே வந்த டயர். பட்டன் (டயர் மேல இருக்கிற வரி) தேயாம இருந்தாலும் ரப்பர் கட்டியாகியிருக்கும், மழையில பிடிக்காது. 215/60 ஆர்16 நாலு டயர் விலையை அப்படியே கழிங்க.

நடுவுல 18,000 கி.மீ. ஒரே ஆயில்ல ஓடியிருக்கு, ரெண்டு வினாடி சத்தமும் அதோட பொருந்துது. வெளிய எங்கேயாவது மாத்தியிருந்தா பில் கேளுங்க. பில் இல்லேன்னா செயின் கிட் செலவுல பாதியாவது விலையில இறங்கணும். வாங்கினதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்துங்க. இதுல டப்பா ஃபில்டர் இல்ல, உள்ள போடுற காகித ஃபில்டர். மூடியோட ஓ-ரிங்கைப் புதுசாப் போடலேன்னா கசியும். ஆயில் 5டபிள்யூ-30, கையேட்டுல போட்டிருக்கிற தரம். மாத்தின பிறகு ஒரு வாரம் காலையில சத்தத்தைக் கேளுங்க. ஒரு வினாடியா குறைஞ்சா 7,500க்கு ஒரு தரம் ஆயில் மாத்திக்கிட்டு ஓட்டலாம். குறையலேன்னா தள்ளிப் போடாம கிட்டை மாத்திடுங்க. டீசல் ஃபில்டரையும் அப்பவே மாத்தி, பழசை வெள்ளைக் கிண்ணத்துல கவுத்துப் பாருங்க. அடியில தண்ணி முத்து முத்தா நின்னா டேங்கையும் ஒரு தரம் கழுவணும்.

கிளாடிங் துரு: நாலு பக்கமும் கழட்டி, நல்ல தண்ணியில கழுவி, ரெண்டு நாள் வெயில்ல காய விட்டு, கம்பி பிரஷ், துரு மாத்துற திரவம், எபாக்ஸி பிரைமர், அப்புறம் பெயின்ட். கிளிப் எல்லாம் புதுசு. இந்த வேலை முடிஞ்ச பிறகுதான் கோட்டிங், அதுக்கு முன்னாடி வேண்டாம். தென்பெண்ணைப் பாலம் தாண்டி தினம் போற வண்டி, மாசம் ஒரு தரம் அடிப்பகுதிக்கு போர் தண்ணி இல்லாம நல்ல தண்ணியில வாட்டர் வாஷ் போடுங்க. கடற்கரை ஓரத்து போர் தண்ணியே உப்பா இருந்தா கழுவுறதும் ஒண்ணுதான், கழுவாததும் ஒண்ணுதான்.

படிவம் முப்பது:

ஒரு சின்னச் சேர்க்கை மட்டும். விலை பேசி முடித்தாலும் முழுப் பணத்தையும் என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகு கொடுங்கள். அட்வான்ஸ் ரசீதில் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், அன்றைய மீட்டர் அளவு மூன்றையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டி கைமாறுகிற தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அதற்கு முன்னால் கேமராவில் விழுந்த அபராதம் யாருடையது என்ற சண்டை வராது.